தைச்சு முடிச்ச பில்லுல பத்து பர்சென்ட் கேக்கறாங்கன்னு சொன்ன தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

நீ அனுப்புன வாய்ஸ் மெசேஜை ரெண்டு தடவ கேட்டேன். தைச்சு, செக்கிங் முடிச்சு, டெலிவரியும் குடுத்துட்ட சரக்குக்கு இப்பக் கூப்பிட்டு பில்லுல பத்து பர்சென்ட் குறைச்சுக்கோங்கன்னு கம்பெனில சொல்லியிருக்காங்க, அமெரிக்காக்காரன் வரி போட்டதுல எங்களுக்கே பெரிய அடி தம்பி, நீங்களும் கொஞ்சம் தாங்கிக்கோணும்னு டீ வாங்கிக் குடுத்து நல்லாத்தான் பேசியிருக்காங்க, நீயும் சரிங்கன்னு தலையாட்டிட்டு வந்துட்ட. இப்பத் தூக்கம் வரலங்கற. உன்னையத் திட்ட எழுதல. திருப்பூர்ல பதினஞ்சு இருவது மெஷின் போட்டு, கம்பெனி குடுக்கற துணியைக் கூலிக்குத் தைச்சுக் குடுக்கற ஜாப் ஒர்க் பண்றவங்களுக்கு கணக்கு எழுதறது என் பொழப்பு, உன்னைய மாதிரி தலையாட்டிட்டு வந்தவங்க நிறையப் பேரு, அதனாலதான் பேரு போடாம பொதுவுல எழுதறேன்.

வரி விஷயம் பொய்யில்ல. 2025 ஆகஸ்ட் 27ல நம்ம சரக்குக்கு அமெரிக்கா கூடுதல் வரியை 50 சதவீதமா ஏத்துச்சு, அங்கத்த ஆர்டரையே நம்பியிருந்த கம்பெனிக ஆடித்தான் போனாங்க. அங்க சரக்கு வாங்கற பையர், உனக்கு வேலை குடுக்கற எக்ஸ்போர்ட்டர்கிட்ட டிஸ்கவுண்ட் கேட்டான், எக்ஸ்போர்ட்டர் உன்கிட்ட கேக்கறாரு. ஆனா ஒண்ணு யோசி. டாலர் 83ல இருந்து 88 தாண்டுச்சே, அப்ப யாராச்சும் உன்னையக் கூப்பிட்டு பீஸுக்கு ஒரு ரூபா சேத்திப் போட்டுக்கோ தம்பின்னு சொன்னாங்களா? நஷ்டம் வந்தா நம்ம எல்லாரும் ஒரே குடும்பம், லாபம் வந்தா அது கம்பெனி கணக்கு. யாரு கையில பவர் இருக்குன்னு பாக்க இது ஒண்ணு போதும், யாரு சத்தமா பேசறாங்கன்னு பாக்க வேண்டியதில்ல.

இன்னொண்ணு இருக்கு, அது இதவிடப் பெருசு, யாரு யாரைக் காக்க வெக்கறாங்கங்கறது. நீ சனிக்கெழமை சனிக்கெழமை டெய்லருக்கு சம்பளம் போட்டாகோணும், ஒரு வாரம் தள்ளுனா அடுத்த திங்கக்கெழமை பாதி மெஷின் காலியா நிக்கும். அவங்க உனக்கு பில் பாஸ் பண்ண 90 நாள் ஆகுது. அஞ்சு லட்ச ரூபா பில்லுன்னு வெச்சுக்கோ, அந்த அஞ்சு லட்சத்தை நீ வெளிய மூணு வட்டிக்கு வாங்கி ஓட்டுனீன்னா மாசம் 15,000, மூணு மாசத்துக்கு 45,000. எல்லாம் போக எட்டு பர்சென்ட் நிக்கும்னு நீதான் சொன்ன, அது 40,000. அப்ப பத்து பர்சென்ட் குறைக்கறதுக்கு முன்னாடியே உனக்கு ஒண்ணும் நிக்கல தம்பி. இதுல ஜிஎஸ்டி வேற, பணம் கைக்கு வந்தாலும் வராட்டியும் பில் போட்ட அடுத்த மாசமே நீ கட்டியாகோணும், நீ கட்டுனதை அவங்க வரிக் கணக்குல கிரெடிட்டா எடுத்துக்குவாங்க. எக்ஸ்போர்ட்டருக்கு ஆர்டரைக் காட்டுனா பேங்க்ல பேக்கிங் கிரெடிட்ங்கற ஏத்துமதிக் கடன் கெடைக்கும், உனக்கு யாரு தருவா? ஆக மொத்தத்துல பெரியவங்களுக்கு நீதான் வட்டியில்லாம கடன் குடுத்துட்டு இருக்க, அதையும் கையக் கட்டி நின்னு குடுக்கற.

அந்த மேனேஜர் மேல கோவப்படாத. அவரும் மாட்டிக்கிட்டுத்தான் இருக்காரு, பையர் அவங்களுக்கே சரக்கு போய் ரெண்டு மூணு மாசம் கழிச்சுத்தான் பணம் அனுப்பறான். 2020ல கொரோனா வந்தப்ப பெரிய பெரிய பிராண்டுக தைச்சு பொட்டில போட்ட சரக்கைக்கூட வேண்டாம்னுச்சுக, பங்களாதேஷ்ல மட்டும் 300 கோடி டாலருக்கு மேல ஆர்டர் ரத்தாச்சு இல்லைன்னா நிறுத்தி வெச்சாங்க. ஊரு ஒலகம் பூரா கேள்வி கேட்டதுக்கப்பறம்தான் பல பேரு பணம் குடுக்க ஒத்துக்கிட்டாங்க. எக்ஸ்போர்ட்டர் தனியா கேட்டிருந்தா நடந்திருக்காது, அடுத்த சீசன் ஆர்டர் போயிருமேன்னு வாயை மூடிட்டு இருந்திருப்பாரு, இப்ப நீ இருக்கற மாதிரி.

சட்டம் இல்லையாக்கான்னு கேட்ட. இருக்குது. 2006ல வந்த சிறு குறு தொழில் சட்டம் எழுத்துல ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல போகக்கூடாதுங்குது, ஒப்பந்தமே இல்லைன்னா 15 நாள்தான். தள்ளுனா ரிசர்வ் வங்கி பேங்க் ரேட்டு மாதிரி மூணு மடங்கு கூட்டு வட்டி, இந்த மாதிரி பாக்கியை விசாரிக்க அரசாங்கம் வெச்சிருக்கற கவுன்சில்ல உனக்கு சாதகமா தீர்ப்பு வந்து அதை எதுத்து கோர்ட்டுக்குப் போகோணும்னா அவங்க 75 சதவீதம் கட்டிட்டுத்தான் போகமுடியும். இதுக்கெல்லாம் சிறு தொழில்னு அரசாங்கத்துல பதிவு பண்ணி வாங்கற உத்யம் நம்பர் வேணும், அதுக்கு காசே கெடையாது, நீ இன்னும் எடுக்காம இருக்கறது எனக்கு வருத்தந்தான். 2024 ஏப்ரல்ல இருந்து வருமான வரியிலயும் ஒண்ணு கொண்டாந்தாங்க, சின்ன யூனிட்டுக்கு அந்தக் கெடுவுக்குள்ள பணம் குடுக்கலைன்னா குடுக்கற வரைக்கும் அதை செலவாக் காட்ட முடியாது. நல்ல சட்டம். உடனே என்ன நடந்துச்சு தெரியுமா, உத்யம் நம்பர் இருக்கறவங்களுக்கு ஜாப் ஒர்க் குடுக்கறதில்லைன்னு சில கம்பெனில சொல்ல ஆரம்பிச்சாங்க, ஒண்ணு ரெண்டு பேரு நம்பரை கேன்சல் பண்ணமுடியுமாக்கான்னு எங்கிட்டயே வந்து கேட்டாங்க! வயித்தெரிச்சலா இருந்துச்சு. சட்டம் உரிமை குடுக்கும், ஆனா அதைப் பயன்படுத்துன மறுநாள் உன் மெஷினுக்கு துணி வருமாங்கறதுக்கு அது பொறுப்பில்ல. ஒரே கம்பெனிகிட்ட வேலை செய்யறவன் அந்தக் கம்பெனி மேல கேஸ் போடமாட்டான், அது அவங்களுக்கும் தெரியும்.

அதனால உன் பலவீனம் ரேட்டுல இல்ல தம்பி, பூரா மெஷினும் ஒரே கம்பெனி துணியில ஓடறதுலதான் இருக்கு. ரெண்டாவது பார்ட்டி பிடின்னு சொல்றது சுலபம்னு எனக்கும் தெரியும், புது ஸ்டைல் ஏத்துனா மொத ரெண்டு நாளு புரொடக்ஷன் பாதிகூட வராது, டெய்லரு பீஸ் ரேட்டு கட்டுப்படலைன்னு மொணங்குவாங்க. அப்படியிருந்தும் அஞ்சு மெஷினாச்சும் வேற பக்கம் ஓடட்டும், உள்நாட்டு பனியன் கம்பெனி வேலையா இருந்தாலும் பரவால்ல. அந்தப் பக்கம் பவர் டேபிள்னு சொல்ற தையல் யூனிட் ஓனருங்க சங்கமா உக்காந்து பனியன் உற்பத்தியாளர் சங்கத்தோட நாலு வருசத்துக்குன்னு ரேட்டு பேசி ஒப்பந்தம் போடறாங்க. அதைக் கேட்டு வாங்கறதுலயும் ஆயிரம் சண்டை இருக்கு, ஆனா தனித்தனியா ஒவ்வொருத்தரும் மேனேஜர் ரூம்ல போய் நிக்கறதுக்கும் அதுக்கும் எவ்வளவு வித்தியாசம்!

ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத. இந்தப் பத்து பர்சென்ட்ட டெய்லருங்க பீஸ் ரேட்டுல பிடிச்சுக்கலாமான்னு மெசேஜ் கடைசில இழுத்தியே, அதைக் கேட்டு எனக்கு மனசே ஆறல. உங்கிட்ட வேலை செய்யற ஒடிசா பசங்களுக்கு நீதான் பெரிய கம்பெனி. அவங்க ரூமு உன் பொறுப்புல இருக்கு, அட்வான்ஸ் உங்கிட்ட வாங்கியிருக்காங்க, வேலையை விட்டா தங்க எடமில்ல, அதனாலதான் எதுத்துப் பேசாம இருக்காங்க. இந்த ஊர்ல 1984ல பஞ்சப்படி கேட்டு மாசக்கணக்குல ஸ்ட்ரைக் நடந்திருக்கு, அப்ப டெய்லருக்கு ஊரு இதுதான், பக்கத்துல சொந்தக்காரங்க இருந்தாங்க. இந்தப் பசங்களுக்கு அதுவும் இல்ல. அவங்க சனிக்கெழமை சம்பளத்துல கை வெக்காத. வெச்சீன்னா உனக்கு நான் கணக்கு எழுதித் தரமாட்டேன், நிஜமாத்தான் சொல்றேன்.

இப்ப நீ பண்ண வேண்டியது. வாயிலதான சரின்னு சொன்ன, பில் தொகையைக் குறைச்சு நீ எழுதித் தர்ற கிரெடிட் நோட் போடல இல்ல? போடாத. நீ போட்டாத்தான் பில்லு முறைப்படி குறையும். திங்கக்கெழமை போய், முடிஞ்ச பில்லுல என்னால முடியாதுங்க, அடுத்த ஆர்டர்ல பேசலாம்னு மரியாதையாச் சொல்லு. அடுத்த ஆர்டர்ல குறைக்கறதா இருந்தா சும்மா குறைக்காத, அதுக்குப் பதிலா பணம் தர்ற கெடுவைக் குறைச்சு வாங்கு. மூணு பர்சென்ட் விட்டுத்தரேன், 15 நாள்ல பணம் வேணும்னு கேளு. அஞ்சு லட்சத்துல 15,000 போகும், ஆனா ரெண்டரை மாச வட்டி 37,500 மிச்சம், அவங்களும் குறைச்சுக்கிட்டோம்னு மேல சொல்லிக்கலாம். எழுத்துல, மெயில்ல வரோணும், போன்ல பேசுனது கணக்கில்ல. டேமேஜ்னு சொல்லி பணத்தைப் பிடிக்க டெபிட் நோட் போட்டா அந்தப் பீஸைத் திருப்பிக் குடுங்கன்னு கேளு, ஷிப்மெண்ட் போனதுக்கப்பறம் டேமேஜ்னு சொன்னா ஒத்துக்காத, டெலிவரி அன்னிக்கே அவங்க தரம் பாக்கற கியூசி ஆளுகிட்ட செக்கிங் ரிப்போர்ட்ல கையெழுத்து வாங்கி வெச்சுக்கோ.

ஒருவேளை அவங்க வேலையை நிறுத்திட்டா ஒரு மாசம் கஷ்டம்தான், அதை நான் மறைக்கல. அதுக்குத்தான் மொதல்ல உக்காந்து கணக்குப் பாக்கோணும், எத்தன சனிக்கெழமை உன்னால தாங்க முடியும்னு. ஞாயித்துக்கெழமை டெலிவரி சலான் புக்கு, பில் புக்கு, வட்டிச் சீட்டு எல்லாத்தையும் எடுத்துட்டு வீட்டுக்கு வா, ஆதாரும் பான் கார்டும் மறக்காமக் கொண்டுவா, உத்யம் நம்பரை அங்கயே போட்டுரலாம்.

அன்புடன்,
அக்கா