‘எலும்புக்கு ஒண்ணுமில்லை’: கபடி விழாக்குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள விழாக்குழு அண்ணன்மார்களுக்கும் தம்பிகளுக்கும்,

வணக்கம். தை பிறக்கப் போகிறது. இன்னும் கொஞ்ச நாளில் பேருந்து நிறுத்தச் சுவரெல்லாம் ‘மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி’ ஏறிவிடும். முதல் பரிசு இவ்வளவு, சுழற்கோப்பை உபயம் இன்னார், நுழைவுக் கட்டணம் இவ்வளவு. போஸ்டரின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: ‘விளையாட்டில் ஏற்படும் காயங்களுக்கு விழாக்குழு பொறுப்பல்ல.’ அந்த வரியைப் பற்றித்தான் இந்த மடல்.

சண்டைக்கு வரவில்லை. நானும் உங்கள் மண்ணில் விழுந்து எழுந்தவன்தான். இப்போது ஓர் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். வருடத்துக்கு இரண்டு மூன்று பிள்ளைகளாவது முழங்காலைப் பிடித்துக்கொண்டு என் முன்னால் வந்து நிற்கிறார்கள். எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார்கள்: “எக்ஸ்ரே எடுத்தாச்சு சார், எலும்புக்கு ஒண்ணுமில்லை.”

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்போது 19 வயது. இரவு எட்டு மணிக்கே போய் இறங்கிவிட்டோம். எங்கள் ஆட்டத்தை மைக்கில் கூப்பிட்டபோது மணி இரண்டு. அதுவரை மார்கழிப் பனியில் வேனுக்குள் சுருண்டு கிடந்தவர்கள், ‘கடைசி அழைப்பு’ என்றதும் லுங்கியை உதறிவிட்டு அப்படியே களத்தில் இறங்கினோம். மூன்றாவது பாட்டு, அதாவது எதிரணிக் களத்துக்குள் பாடிப் போவது, என்னுடையது. போனஸ் கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்ப, கார்னர் ஆள் கணுக்காலுக்குப் பாய்ந்தான். இடது காலை ஊன்றி உடம்பை நடுக்கோட்டுப் பக்கம் திருப்பினேன். பாதம் மண்ணிலேயே நின்றுவிட்டது, உடம்பு மட்டும் திரும்பியது. உள்ளே ‘டப்’ என்று ஒரு சத்தம், காய்ந்த சுள்ளி ஒடிவதைப் போல. விழுந்தேன். கார்னர் ஆளின் கை என்மேல் படவே இல்லை. “ஆளே தொடலை, நடிக்கிறான்” என்று எதிரணிப் பக்கம் ஒரு குரல்.

அந்தக் குரலை நான் குறை சொல்ல மாட்டேன். பிடித்து இழுத்தால்தான் காயம் என்றுதான் நாம் எல்லோருமே நினைக்கிறோம். ஆனால் முழங்காலுக்குள் எலும்புகளைப் பிடித்துக் கட்டும் முன் சிலுவைத் தசைநார் (ஏசிஎல்) கிழிவது பெரும்பாலும் யாரும் தொடாத நேரத்தில்தான்: ஓட்டத்தைச் சட்டென்று நிறுத்தும்போது, ஊன்றித் திரும்பும்போது, குதித்து ஒற்றைக் காலில் இறங்கும்போது. கபடியில் பாடிப் போகும் ரெய்டர் ஒவ்வொரு பாட்டிலும் செய்வது இதைத்தான். தொடைப் பிடி, டேஷ் என்று ஆள் மோதிக் கிழிவதும் உண்டு, அது இந்தக் கணக்குக்கு மேலே வருவது.

தண்ணீர் தெளித்தார்கள். ஸ்ப்ரே அடித்தார்கள். யாரோ ஒரு நீ-கேப் மாட்டிவிட்டார்கள். “ஓடிக் காட்டு” என்றார்கள், நேராக ஓடிக் காட்டினேன். வர்ணனையாளர் மைக்கில் “காயத்தோடு களமிறங்கும் எங்கள் ஊர்ச் சிங்கம்” என்றார். விசில் பறந்தது. 19 வயதுப் பையனால் அதற்கப்புறம் வெளியே உட்கார முடியுமா? இன்னும் இரண்டு முறை பாடப் போனேன். இரண்டாவதில் கால் என்னை விட்டுவிட்டு மடங்கியது. வேன் வீடு வந்து சேர்வதற்குள் முழங்கால் இளநீர் மாதிரி வீங்கி, பேண்ட்டைக் கழற்ற முடியாமல் கத்தரித்தார்கள்.

இந்த வீக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அடிபட்ட இரண்டு மணி நேரத்துக்குள் முழங்கால் பெரிதாக வீங்கினால், மூட்டுக்குள் ரத்தம் கட்டியிருக்க வாய்ப்பு அதிகம். அப்படி ரத்தம் கட்டும் முழங்கால்களில் பெரும்பாலானவற்றில் கிழிந்திருப்பது முன் சிலுவைத் தசைநார்தான். மறுநாள் காலையில் மெல்ல வீங்கினால் அது வேறு கதை, எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் மூட்டு இடைச் சவ்வு கிழிந்ததோ சிறிய சுளுக்கோ இருக்கலாம். ஆகவே ‘டப்’ சத்தம் கேட்டதா, எத்தனை மணிக்கு வீங்கியது, கால் தானாக மடங்கியதா, இந்த மூன்றும் தெரிந்தால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. என் விஷயத்தில் இந்த மூன்றையும் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மறுநாள் எக்ஸ்ரே. “எலும்புக்கு ஒண்ணுமில்லை” என்றார்கள். உண்மையைத்தான் சொன்னார்கள். எலும்பைப் படம் பிடித்தால் எலும்புதான் தெரியும், தசைநார் தெரியாது. ஆனால் வீட்டுக்கு வருவதற்குள் அந்த வாக்கியத்திலிருந்து ‘எலும்புக்கு’ உதிர்ந்து போய் ‘ஒண்ணுமில்லை’ மட்டும் நின்றது. அப்புறம் என்ன, சுளுக்கு எடுக்கிறவரிடம் கூட்டிப் போனார்கள். அவர் கைராசிக்காரர், கழுத்துப் பிடிப்புக்கு இன்றைக்கும் ஊரே அவரிடம்தான் போகிறது. ஆனால் ரத்தம் கட்டியிருக்கும் மூட்டில் சூடான எண்ணெய் ஊற்றி உருவினால் என்ன ஆகும்? வீக்கம் கூடத்தான் செய்யும். முதல் இரண்டு மூன்று நாள் சூடு, உருவுதல், இழுத்து விடுதல் எதுவுமே ஆகாது. வலியை மறக்க ஊற்றிக்கொள்கிற குவாட்டரும் ஆகாது.

மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்தது. ஆறாவது வாரம் சைக்கிள் ஓட்டினேன். இரண்டு மாதத்தில் மைதானத்தைச் சுற்றி ஓடினேன். குணமாகிவிட்டது என்று அம்மா குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்தாள்.

இந்தக் காயத்தின் பெரிய ஏமாற்று வேலையே இதுதான். முழங்காலைப் பிடித்து நிறுத்துபவை நான்கு முக்கியமான தசைநார்கள். இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, உள்ளே பெருக்கல் குறி மாதிரி குறுக்கும் நெடுக்குமாக இரண்டு. அதில் முன்னால் இருப்பதுதான் முன் சிலுவைத் தசைநார். அதன் வேலை, கீழ்க்கால் எலும்பு முன்னால் வழுக்காமலும் கண்டபடி திருகாமலும் பிடித்து வைப்பது. நேராக நடப்பதற்கு அது பெரிதாகத் தேவைப்படாது, நேராக ஓடக்கூட முடியும். திரும்பும்போதுதான் அது இல்லாதது தெரியும். ‘ஓடிக் காட்டு’ என்று நாம் வைக்கிற பரீட்சையில் கிழிந்த முழங்காலும் பாஸாகிவிடுவது இதனால்தான்.

எனக்கு அது களத்தில்கூடத் தெரியவில்லை. நான்காவது மாதம், குழாயடியில் குடத்தைத் தூக்கிக்கொண்டு படியில் திரும்பினேன். கால் விட்டுவிட்டது. இந்த முறை மூட்டு இடைச் சவ்வும் கிழிந்து நடுவில் மாட்டிக்கொண்டது. காலை நீட்டவே முடியவில்லை. இப்படிப் பூட்டிக்கொண்ட முழங்காலுடன் வீட்டில் கிடக்கவே கூடாது என்று இன்றைக்குத் தெரியும். நான் கிடந்தேன். கடைசியில் ஒரு மருத்துவர் என்னைப் படுக்க வைத்து, முழங்காலைக் கொஞ்சமாக மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கீழ்க்காலை முன்னால் இழுத்துப் பார்த்தார். அரை நிமிடம் ஆகியிருக்காது. “எப்ப கிழிஞ்சது?” என்றார். அடிபட்டு 14 மாதம் ஆகியிருந்தது. எம்ஆர்ஐ அவர் கை சொன்னதையே சொன்னது. தசைநாரை வேறு நார் வைத்துச் சரிசெய்தார்கள். இடைச் சவ்வில் ஒரு பகுதியை வெட்டி எடுக்க வேண்டியிருந்தது, அது திரும்பி வராது. முதல் இரவே சரியாக நடந்திருந்தால் அந்தச் சவ்வு தப்பியிருக்கும் என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறாதது.

சரி, உங்களிடம் கேட்பதற்கு வருகிறேன்.

முதலாவது, மைக். ‘டப்’ சத்தம் கேட்டது என்று சொல்பவன், கால் மடங்கி விழுந்தவன், களத்திலேயே வீங்கத் தொடங்கியவன், இவர்களில் யாரும் அன்றிரவு திரும்பிக் களத்தில் இறங்கக் கூடாது என்று ஒரு விதி போடுங்கள். நடுவர் முடிவே இறுதியானது என்று போஸ்டரில் போடுகிறீர்களே, அதற்குப் பக்கத்திலேயே இதையும் போடலாம். மாற்று ஆள் இல்லாத அணிக்கு அந்த ஆட்டத்துக்கு மட்டும் ஓர் ஆளைச் சேர்த்துக்கொள்ள அனுமதி கொடுங்கள். ஆள் குறையுமே என்ற பயம்தான் பாதிப் பையன்களை நொண்டிக்கொண்டே இறக்குகிறது. வர்ணனையாளர் அண்ணன்களுக்கும் தனியாக ஒரு வேண்டுகோள்: காயத்தோடு ஆடுபவனைச் சிங்கம் என்று சொல்லாதீர்கள், கைத்தாங்கலாக வெளியே போகிறவனுக்குக் கைதட்டச் சொல்லுங்கள்.

இரண்டாவது, நேரம். 40 அணிகளுக்குப் பதிவு போட்டுவிட்டு விடியவிடிய நடத்துகிறோம். ஆறு மணி நேரம் குளிரில் உட்கார்ந்தவனை ‘கடைசி அழைப்பு, இரண்டு நிமிடத்தில் வராவிட்டால் எதிரணிக்கு வெற்றி’ என்று மிரட்டி இறக்குவது என்ன நியாயம்? அடுத்து யார், அதற்கடுத்து யார் என்று 20 நிமிடம் முன்னாலேயே சொல்லுங்கள். களத்துக்குப் பின்னால் வெளிச்சத்தோடு ஒரு சின்ன இடம் விடுங்கள். கால்பந்துக்காரர்களுக்கு ஃபிஃபா ‘11 பிளஸ்’ என்று 20 நிமிடப் பயிற்சி ஒன்றை வைத்திருக்கிறது: மெல்ல ஓட்டம், தொடைத் தசைக்கு வலு, ஒற்றைக் காலில் சமநிலை, குதித்து இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் சாயாமல் மடக்கி இறங்குவது. செலவே இல்லாத பயிற்சி. விடாமல் செய்த அணிகளில் காயங்கள் நன்றாகவே குறைந்தன. பெண்கள் கபடி நடத்தும் ஊர்கள் இதைக் கட்டாயமாக்க வேண்டும். திரும்பிக் குதிக்கும் விளையாட்டுகளில் பெண்களுக்கு இந்தத் தசைநார் கிழிவது ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம்.

மேட் வாடகைக்கு எடுப்பவர்கள் இணைப்புகளையும் ஒரு முறை மிதித்துப் பாருங்கள். விரல் நுழையும் இடைவெளி இருந்தால் கால் மாட்டும். மண்களத்திலும், தண்ணீர் தெளித்த இடம் சேறாகவும் பக்கத்து இடம் காய்ந்தும் கிடந்தால் ஆபத்துதான்.

மூன்றாவது, ஐஸ். சர்பத் கடைக்கு நீங்களே பார் பாராக இறக்குகிறீர்கள். அதில் ஒரு பாரை உடைத்துத் தெர்மாகோல் பெட்டியில் வையுங்கள். அடிபட்டவனை உட்கார வைத்து, துண்டில் சுற்றி 15, 20 நிமிடம் வைத்து, பிறகு இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்ப வைத்தால் போதும். ஐஸை வெறுந்தோலில் வைக்க வேண்டாம். கிரேப் பேண்டேஜ் இரண்டு, அட்டைக் கட்டு ஒன்று, முடிந்தால் ஊன்றுகோல் ஒரு ஜோடி. காலை உயர்த்தி வைத்தே வேனில் ஏற்றுங்கள். நான்கு அடிகூட எடுத்து வைக்க முடியவில்லை என்றாலோ, முழங்காலைச் செங்கோணத்துக்கு மடக்க முடியவில்லை என்றாலோ விடியும்வரை காத்திருக்காமல் எக்ஸ்ரே எடுக்க அனுப்புங்கள்.

இன்னொன்று, இது அபூர்வம்தான், ஆனால் காலையே வாங்கிவிடும். முழங்கால் கோணலாகத் தெரிந்தாலோ, இடம் விலகித் தானாகவே உள்ளே போய்விட்டது என்று பையன் சொன்னாலோ, பாதத்தைத் தொட்டுப் பாருங்கள். பாதம் சில்லென்று, வெளிறி, மரத்துப் போயிருந்தால் முழங்காலுக்குப் பின்னால் ஓடும் ரத்தக்குழாய் அடிபட்டிருக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் ரத்தம் ஓடாவிட்டால் காலைக் காப்பாற்றுவதே கஷ்டம். யாரும் இழுத்துச் சரிசெய்யப் பார்க்காமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். பாதம் வெதுவெதுப்பாக இருந்தாலும் அதே வண்டியில்தான் அனுப்ப வேண்டும்.

நான்காவது, ஒரு சீட்டு. ரசீது புத்தகம் அடிக்கிற அதே அச்சகத்தில் அடித்துவிடலாம். எத்தனை மணிக்கு அடி, எதிராளி தொட்டாரா இல்லையா, ‘டப்’ சத்தம் கேட்டதா, எத்தனை மணிக்கு வீங்கியது, ஊன்றி நடந்தாரா. இதை நிரப்பி அடிபட்டவன் கையில் கொடுத்துவிடுங்கள். பின்பக்கம் இந்த வரிகள் இருக்கட்டும்: ‘எக்ஸ்ரேயில் தசைநார் தெரியாது. வீக்கம் வடிந்ததும், பத்து நாளுக்குள், எலும்பு மூட்டு மருத்துவரிடம் மறுபடி காட்டுங்கள். கால் பூட்டிக்கொண்டால் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம்.’ அடிபட்ட அன்று வலியிலும் வீக்கத்திலும் தசை இறுகிக் கிடக்கும், தேர்ந்த கைக்கே கண்டுபிடிக்கச் சிரமம். அதனால்தான் இரண்டாம் முறை போவது அவ்வளவு முக்கியம்.

‘மருத்துவரிடம் போனால் வெட்டத்தான் சொல்வார்’ என்ற பயம் ஊரில் இருக்கிறது. எல்லாக் கிழிசலுக்கும் கத்தி தேவையில்லை. உள்பக்கத் தசைநார் பெரும்பாலும் பிரேஸ் போட்டாலே ஆறிவிடும். முன் சிலுவைத் தசைநாருக்குக்கூட, சுவீடனில் 121 பேரை வைத்து நடத்திய ஓர் ஆய்வின் 2013-இல் வெளிவந்த முடிவில், முதலில் பயிற்சி மட்டும் எடுத்துக்கொண்டவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு ஐந்து வருடத்துக்குப் பிறகும் அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. ஆனால் திரும்பவும் பாடப் போகிறவனுக்கு, கால் அடிக்கடி விட்டுவிடுகிறவனுக்குக் கணக்கு வேறு. அதை மருத்துவரும் பையனும் பேசி முடிவு செய்யட்டும்.

அறுவை சிகிச்சை ஆனவனைத் ‘தை மாசம் வந்துடுவியா’ என்று கேட்காதீர்கள். வைத்த நார் முதல் சில மாதங்களில் பலமிழந்துதான் பிறகு தேறும், அதே சமயத்தில்தான் வலி சுத்தமாகப் போய் ஆள் துள்ளிக்கொண்டிருப்பான். ஒன்பது மாதம் முடியாமல், தொடைத் தசை மறு காலுக்குச் சமமாக வராமல் களத்துக்குள் விடக் கூடாது. நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாதம்வரை தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி அடிபடுவது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. பயிற்சிக்குக் காசில்லை என்றால் அரசு மருத்துவமனையில் பிசியோதெரபி இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அறுவை சிகிச்சைக்கு அது செல்லுமா என்று அங்கேயே கேட்கச் சொல்லுங்கள்.

போஸ்டரின் கடைசி வரியை எடுக்கச் சொல்லவில்லை. சட்டத்துக்காக அது இருந்துவிட்டுப் போகட்டும். அதற்கு மேலே ‘முதலுதவி, ஐஸ் வசதி உண்டு’ என்று ஒரு வரி சேர்க்க இடம் இருக்கும், உபயதாரர் படம் ஒன்றைக் கொஞ்சம் சின்னதாக்கினால்.

சீட்டுக்கு நான் ஒரு மாதிரி எழுதி வைத்திருக்கிறேன். எங்கள் பக்கம் இந்தத் தையில் போட்டி நடத்தும் குழுக்கள் பள்ளிக்கூடத்தில் வந்து வாங்கிக்கொள்ளலாம். முடிந்த இடத்துக்கெல்லாம் ஐஸ் பெட்டியோடு நானும் என் மாணவர்கள் நான்கு பேரும் வருகிறோம். இரவு முழுக்க இருப்போம். நாற்காலி வேண்டாம், களத்தின் ஓரத்தில் ஒரு பெஞ்ச் போட்டால் போதும்.

இப்படிக்கு,
இடது முழங்காலில் இரண்டு தழும்போடு,
ஒரு பழைய ரெய்டர்