ஒரு நாள் வகுப்பில் வெண்டை காய்க்காது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் நாளிதழின் ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ பகுதியை விடாமல் படிப்பவள் நான். ஆனி பிறந்துவிட்டால் போதும், வாரத்துக்கு இரண்டு மாடித்தோட்டப் பயிற்சி அறிவிப்பாவது அதில் வந்துவிடும். காலை பத்து முதல் மாலை நாலு வரை, மதிய உணவு உண்டு, சான்றிதழ் உண்டு. அப்படி ஒன்றுக்குச் சில வருஷம் முன்னால் நானும் போனேன். யார் நடத்தினார்கள் என்பது வேண்டாம், நல்ல மனசோடுதான் நடத்தினார்கள்.

ஏசி மண்டபத்தில் தொண்ணூறு பேர். திரையில் படம் படமாகக் காட்டினார்கள். மூன்றரை மணிக்கு வாசலில் பை, தென்னை நார்க்கழிவுக் கட்டி, விதை பாக்கெட் எல்லாம் விற்பனைக்கு வந்தன. நான் இருபது பை வாங்கினேன், கூடவே செம்மண் இரண்டு மூட்டை. மண்ணைத் தொடாமலே சான்றிதழும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நாற்பது நாள் எல்லாம் அமோகம். அப்புறம் வெண்டையிலும் கத்தரியிலும் வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி. வகுப்பு எடுத்தவரின் எண்ணுக்கு அடித்தால் எடுக்க ஆளில்லை. கடையில் கேட்டேன், “இதை அடிங்கக்கா, ஒரே நாள்ல சுத்தமாயிடும்” என்று ஒரு பாட்டிலைக் கொடுத்தார்கள். விஷத்துக்கு மருந்து என்று பேர் வைத்திருக்கிற ஊர் இல்லையா, நானும் மருந்து என்றே நினைத்து அடித்தேன். லேபிளில் சிவப்பு முக்கோணத்தைப் பார்த்துவிட்டுக் கீழ்வீட்டுத் தம்பிதான் பதறிப்போய்ச் சொன்னான், அது மோனோகுரோட்டோபாஸ் என்று. காய்கறிகளில் அதை அடிக்கக் கூடாது என்று மத்திய அரசு 2005-லேயே தடை போட்டிருக்கிறது. சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று முக்கோணத்துக்கு நாலு நிறம் உண்டு, சிவப்புதான் எல்லாவற்றிலும் கொடியது. இதைச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிஷம் போதும். அந்த ஆறு மணி நேரத்தில் அந்த ஐந்து நிமிஷம் இல்லை. காய்த்திருந்ததை எல்லாம் பறித்துக் குழி தோண்டிப் புதைத்தேன்.

அதோடு விட்டிருப்பேன். தோழி ஒருத்தி பிடிவாதமாக இழுத்துக்கொண்டு போய் வேறொரு வகுப்பில் சேர்த்துவிட்டாள். ஆடியில் தொடங்கி ஐப்பசி வரை, ஞாயிறுதோறும் காலை ஏழு முதல் ஒன்பது வரை, பதினாறு வாரம். ஒரு பள்ளிக்கூடத்தின் பின்பக்கத்து வெற்றிடத்தில் பதினாலு பேர். சொல்லிக்கொடுத்தவர் ஓய்வு பெற்ற வேளாண் அலுவலர். வாரத்துக்கு நூறு ரூபாய், சான்றிதழ் கிடையாது.

முதல் மூன்று வாரம் விதையைக் கண்ணிலேயே காட்டவில்லை. உரம், உரம், உரம். ஓட்டை போட்ட பழைய பெயின்ட் வாளியில் ஒரு பங்கு காய்கறிக் கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த சருகு, மேலே கொஞ்சம் புளித்த மோர். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம், சருகு போடு. ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. இந்த ஒன்றை எந்தப் படத்தாலும் சொல்லிக்கொடுக்க முடியாது, கையை விட்டுப் பார்த்தால்தான் தெரியும். இரண்டாவது வாரம் என் வாளியில் கொழுகொழுவென்று புழு நெளிந்தது. கொட்டப் போனவளைத் தடுத்து, “அதுங்க உங்க வேலையத்தான் செய்யுதும்மா, விடுங்க” என்றார். இரண்டு மாதத்தில் கறுப்பாக, மழை பெய்த மண் வாசனையோடு உரம் கிடைத்தது. இப்போது எங்கள் வீட்டிலிருந்து ஈரக் குப்பை வண்டிக்குப் போவதில்லை. பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் மலையாகக் குவிந்த குப்பையில் இப்படி மக்கி உரமாகியிருக்க வேண்டியது எவ்வளவு என்று யோசித்தால் வயிறு எரிகிறது. தெரு பெருக்குகிறவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன், வேம்பு, புங்கன் சருகெல்லாம் எரிபடாமல் சாக்கில் கட்டி எனக்கே வந்துவிடுகிறது.

நார்க்கழிவை இரண்டு மூன்று தடவை ஊறவைத்து, பழுப்புத் தண்ணீரை வடித்துவிட்டுத்தான் பையில் நிரப்ப வேண்டும் என்பதையும் அங்கேதான் கற்றேன். அதில் உப்பு இருக்கிறது. என் முதல் நாற்றுகளின் இலை நுனி கருகியது வெயிலால் அல்ல, அந்த உப்பால். செம்மண் வாங்குவதையும் விட்டுவிட்டேன். அது ஏதோ ஒரு கிராமத்துக் குன்றையோ ஏரிக்கரையையோ சுரண்டி வருகிற மண். பழைய பையின் மண்ணையே வெயிலில் காயப்போட்டு, உரம் கலந்து, திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறேன். பிளாஸ்டிக் பை வெயிலில் பொடிப்பொடியாக உதிர்ந்து அதே மண்ணில்தான் கலக்கிறது என்பதால், புதுப் பையும் வாங்குவதில்லை.

மாவுப்பூச்சிக்கு வருகிறேன். ஒன்பதாவது வாரம் அவர் ஆளுக்கொரு பூதக்கண்ணாடி கொடுத்தார். இலையில் வெள்ளை நூல் நூலாக மொய்த்திருந்தவற்றில் ஒன்று மட்டும் கொஞ்சம் பெரிதாக, சுறுசுறுப்பாக ஊர்ந்துகொண்டிருந்தது. பார்க்க மாவுப்பூச்சி மாதிரியேதான் இருக்கும், ஆனால் அது மாவுப்பூச்சியைத் தின்னும் ஒரு பொறிவண்டின் புழு. ஆஸ்திரேலியாவிலிருந்து 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் நம் நாட்டுக்குக் கொண்டுவந்த வண்டு. முதல் வருஷம் நான் கொன்றவற்றில் இவை எத்தனையோ! 2008-இல் கோவைப் பக்கம் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று எதையும் விடாமல் அழித்ததை விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். எத்தனை மருந்து அடித்தும் அடங்காததை, 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்த கடுகளவுகூட இல்லாத ஒட்டுண்ணிக் குளவிதான் அடக்கியது. அந்தக் கதையைக் கேட்ட பிறகு யாருக்குக் கை போகும் பாட்டில் பக்கம்? எறும்பைத் தடுத்தாலே பாதி வேலை முடிந்தது, மாவுப்பூச்சி கசிகிற இனிப்புக்காக எறும்புகள் அதைக் காவல் காக்கின்றன. தொட்டி வைக்கிற ஸ்டாண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்திவைத்தேன். மீதிக்கு, லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்ப எண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து சாயங்காலத்தில் தெளிப்பதோடு சரி.

பீர்க்கு பிஞ்சிலேயே வெம்பி விழுகிறது என்று நாலைந்து பேர் புலம்பியபோது, அவர் எங்களை ஒரு நாள் மாலை ஆறு மணிக்கு வரச் சொன்னார். பீர்க்கம்பூ பொழுது சாயும்போதுதான் விரியும் (விளக்கேற்ற நேரம் பார்க்க என் பாட்டிக்கு அதுதான் கடிகாரம்). மாடியில் அந்த நேரத்தில் பூச்சி வருவது குறைவு. ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவின் நடுவில் தொட்டு வைத்தோம், அவ்வளவுதான். பரங்கிப் பூவுக்கு இதையே விடியற்காலையில் செய்ய வேண்டும்.

கடைசி வாரங்களில் வடகிழக்குப் பருவமழை. மாடியில் தண்ணீர் கட்டி, பையெல்லாம் ஊறி, வேர் அழுகி என்று அதுவே தனிப் பாடம். நனைந்த மண் ஒரு கன அடியே ஐம்பது கிலோ அளவுக்கு வரும், தளம் தாங்குமா என்று அன்றுதான் முதன்முதலாகக் கணக்குப் போட்டோம். ஒவ்வொரு பையின் அடியிலும் செங்கல் வைத்தோம்.

இதற்காகத்தான் இந்தக் கடிதம். மாவுப்பூச்சி, பீர்க்கு, மழை எல்லாம் அதனதன் நேரத்தில்தான் வரும். ஆனி மாதத்து ஒரு நாளில் அவற்றை எங்கே கொண்டுவந்து காட்டுவது? ஒரு சாகுபடிப் பட்டம் முழுக்க நடக்காத வகுப்பு, வகுப்பே இல்லை. கார் ஓட்டவும் வீணை வாசிக்கவும் மாதக்கணக்கில் போகிற நாம் இதற்கு மட்டும் ஒரு நாள் போதும் என்று நினைப்பது விசித்திரம்தான்.

நல்ல ஏற்பாடுகள் இல்லாமல் இல்லை. வேளாண் பல்கலைக்கழகம் பயிற்சி நடத்துகிறது, தோட்டக்கலைத் துறை மானிய விலையில் மாடித்தோட்டத் தொகுப்புகள் கொடுத்திருக்கிறது, கடவூரில் நம்மாழ்வார் தொடங்கிய வானகம் இயற்கை வேளாண் பண்ணையில் தங்கிப் படிக்கலாம். ஆனால் கைக்குழந்தையும் வேலையும் வைத்திருக்கிறவளுக்குத் தேவை நடக்கிற தூரத்தில் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம். ஈரக் குப்பையை உரமாக்கும் மாநகராட்சியின் நுண்ணுர மையங்களில் உரம் இருக்கிறது, இடம் இருக்கிறது, தினமும் அதே வேலையைச் செய்து கைப்பழக்கமான தொழிலாளர்கள் இருக்கிறார்கள். அவர்களையே ஆசிரியர்களாக்கிச் சம்பளம் கொடுத்து அங்கே வகுப்பு வைக்கலாமே. “பதினாறு வாரத்துக்கு யார் வருவார்கள்?” என்று கேட்கிறார்கள். எங்கள் பதினாலு பேரில் பதினோரு பேர் இன்றும் தோட்டம் வைத்திருக்கிறோம். அந்தத் தொண்ணூறு பேரின் வாட்ஸப் குழுவில் குட்மார்னிங்குக்கு நடுவே அவ்வப்போது வருவது “காலிப் பைகள் விற்பனைக்கு” என்பதுதான்.

உங்களிடமும் ஒரு கோரிக்கை. பயிற்சி அறிவிப்பு போடும்போது மதிய உணவு, சான்றிதழ் விவரத்தோடு, எத்தனை நாள் வகுப்பு, கையால் செய்து பழக இடம் உண்டா என்பதையும் கேட்டுப் போடுங்கள்.

இந்த ஆடியில் எங்கள் வகுப்பு மறுபடி தொடங்குகிறது, நானும் கூடமாட உதவி செய்யப் போகிறேன். நாலு இடம் காலி. முகவரியை உங்கள் அலுவலகத்துக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். வருகிறவர்கள் விதையெல்லாம் வாங்க வேண்டாம், ஒரு சாக்குச் சருகு கொண்டுவந்தால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சேலையூர், சென்னை–73