தூக்க மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தக் கூடாது

ஆசிரியருக்கு,

வணக்கம். முதியோரின் தூக்கமின்மை பற்றிய கட்டுரையில், தூக்க மாத்திரை வயதானவர்களுக்கு ஆகாது என்று எழுதியிருப்பது சரி. ஆனால் 'இன்றே நிறுத்துங்கள்' என்ற அறிவுரை ஆபத்தானது.

ஆல்பிரசோலம், குளோனசெபம், டயசெபம் போன்ற தூக்க மாத்திரைகளை மாதக்கணக்கில் போட்டவர் திடீரென விட்டால் தூக்கம் அறவே போய்விடலாம். படபடப்பு, கைநடுக்கம், மனக்குழப்பம் வரலாம். சிலருக்கு வலிப்பே வரலாம். பழைய நோய் திரும்பிவிட்டதென்று பயந்து மறுபடி மாத்திரைக்கே போகிறார்கள். மருந்து விலகும்போது உடல் காட்டும் எதிர்ப்புதான் இது. மருத்துவர் மேற்பார்வையில், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அப்போதைய அளவில் பத்தில் ஒரு பங்கிலிருந்து கால் பங்கு வரை குறைக்க வேண்டும். தொந்தரவு கூடினால் அடுத்த குறைப்பைத் தள்ளிப்போடலாம். கடைசிக் கட்டத்தில் இன்னும் மெதுவாகப் போவது நல்லது. ஆல்பிரசோலத்தை ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவது உதவாது. ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி இறங்கி அவதிதான் மிஞ்சும். அளவைக் குறைப்பதற்காக, மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகளை உடைக்கவே கூடாது.

வயதானவர் உடலில் டயசெபம் பாதியாகக் குறையவே மூன்று நாளுக்கு மேல் ஆகலாம். தினமும் போட்டால் சேர்ந்துகொண்டே போகும். இரவில் சிறுநீர் கழிக்க எழும்போது கால் தடுமாறி இடுப்பெலும்பு முறிவது இப்படித்தான். வேறு வகைத் தூக்க மாத்திரையான சோல்பிடெம் சீக்கிரம் வெளியேறினாலும் விழும் அபாயம் அதிலும் உண்டு. முதியோர் தவிர்க்க வேண்டியவை என அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் 2023 பட்டியல் டயசெபம் வகையையும் சோல்பிடெம் வகையையும் சொல்கிறது. பதிலுக்கு டைஃபென்ஹைட்ரமின் கலந்த சளி மாத்திரையைப் போடுவது அதைவிட மோசம்: சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், புத்தித் தடுமாற்றம்.

தூக்கம் கெடும் காரணத்தையும் பார்க்க வேண்டும். மாலையில் போடும், சிறுநீரை அதிகமாக்கும் நீர் மாத்திரையை மருத்துவரிடம் கேட்டுக் காலைக்கு மாற்றினாலே பலருக்கு இரவு நிம்மதியாகும். கால் குடைச்சல் இருந்தால், உடலில் சேமிப்பிலுள்ள இரும்புச்சத்தைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை தேவை. குறட்டையோடு மூச்சு நின்று நின்று வந்தால் தூக்க மாத்திரை அதை மோசமாக்கக்கூடும்.

ஆறு மணி நேரமே தூங்குபவர் ஒன்பது மணிக்கே படுத்தால் விடியற்காலை மூன்றுக்கு விழிப்பது இயல்பு. அவர் பதினொன்றுக்குப் படுத்து, தினமும் ஒரே நேரத்தில் எழட்டும். தூக்கம் வராவிட்டால் இருபது நிமிடம் போல் பார்த்துவிட்டு, விளக்கைப் போட்டுக்கொண்டு எழுந்து உட்காரலாம். படுக்கையில் இருக்கும் நேரத்தை ஐந்து மணி நேரத்துக்குக் கீழே குறைக்கக் கூடாது. வலிப்பு நோயாளிகளுக்கும் அடிக்கடி விழுபவர்களுக்கும் மருத்துவரைக் கேட்காமல், படுக்கை நேரத்தைக் குறைக்கும் இந்த முறை வேண்டாம்.

கட்டுரை வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் இந்தத் திருத்தத்தை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முதியோர் நல மருத்துவர்