அண்ணாவிடமும் கேட்ட மிஸ்ஸுக்கும், கூட நின்ற எல்லோருக்கும்

அண்ணா போய்வருகிற பகல்நேர நிலையத்தில் அவருக்குக் காயம் பட்டதென்று நாங்கள் முறைப்பாடு கொடுத்திருந்தோம். என்ன நடந்தது என்று இதை வாசிக்கிற அநேகருக்குத் தெரியும், திரும்பவும் கிளறவில்லை. விசாரணை அறிக்கை கைக்கு வந்துவிட்டது. நாங்கள் சொன்னதில் பெரும்பகுதி உண்மை என்று எழுதியிருக்கிறார்கள். அம்மா அன்று இரவுதான் ஒழுங்காகச் சாப்பிட்டார்.

முதல் நன்றி விசாரிக்க வந்த மிஸ்ஸுக்கு. பெயர் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார்.

அதுவரை வந்தவர்கள் எல்லோரும் அம்மாவைக் கேட்டார்கள், என்னைக் கேட்டார்கள், பகல்நேர நிலையத்துக்காரரைக் கேட்டார்கள். பக்கத்துக் கதிரையில் இருந்த அண்ணாவை ஒருவரும் கேட்கவில்லை. அவருக்குப் பேச்சு வராதுதான், ஆனால் நாற்பது வயது மனுஷன், நடந்ததெல்லாம் அவருக்குத்தானே நடந்தது? மிஸ்ஸோ, மொழிபெயர்க்க வந்த தங்கச்சியை வைத்துக்கொண்டு முதலில் அவரிடம்தான் பேசினார். நிலையத்தில் வைத்துக் கேட்டால் பயப்படுவார் என்று வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கே வந்தார், அதுவும் அண்ணா காலைத் தேத்தண்ணி குடித்து முடிக்கிற நேரம் கேட்டறிந்து.

சாப்பாட்டு அறை, வான், கழுவுகிற இடம், பின்பக்க அறை என்று நிலையத்தை ஃபோனில் படமெடுத்து வைத்திருந்தார். ஒவ்வொன்றாகக் காட்டினார். அண்ணாவுக்கு ஆம் என்றால் புருவம் மேலே போகும், இல்லை என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். வான் படத்துக்கு ஒரே சிரிப்பு (காலி வீதியில் வான் 100ஆம் இலக்க பஸ்ஸை முந்திவிட்டால் அவருக்கு அன்று திருவிழா). பின்பக்க அறை வந்ததும் ஃபோனையே தள்ளிவிட்டார். மிஸ் அதை உடனே முடிவாக எழுதிக்கொள்ளவில்லை. எதைக் கேட்டாலும் ஆம் சொல்லிப் பழகியவர்கள் இருப்பார்கள், கேள்வியைத் திருப்பிப் போட்டும் பார்க்க வேண்டும் என்றார். கொஞ்சம் பொறுத்து, படங்களின் வரிசையை மாற்றி, "இங்கே பிடிக்குமா", அப்புறம் "இங்கே பிடிக்காதா" என்று கேட்டார். அம்மா வாய் திறந்தபோதெல்லாம் கையைக் காட்டி நிறுத்தினார். எனக்குக்கூட அது கொஞ்சம் கோபம்தான், ஆனால் அண்ணா எங்கள் முகத்தைப் பார்க்காமல் தானாகப் பதில் சொன்னதை அன்றுதான் கண்டேன்.

மாற்றுத்திறனாளிகள் விசாரணைக் கட்டத்திலேயே சாட்சி சொல்ல வழிசெய்ய வேண்டும் என்று அவர்களின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தின் 13ஆவது உறுப்புரை சொல்கிறது. இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்டதுதான். சட்டம் தெரிந்தவர்களைக் கண்டிருக்கிறேன், அதை எங்கள் வீட்டு ஹோலில் இருந்து செய்தவர் இவர் ஒருவர்தான். அறிக்கை வந்த பிறகும் ஒருநாள் வந்து, அந்த அறைக்கு இனி உங்களை அனுப்ப மாட்டார்கள் என்று எங்களுக்கு முன்னம் அண்ணாவுக்குச் சொல்லிவிட்டுத்தான் போனார். அது அவருடைய வேலையே இல்லை.

காயத்தைப் பார்த்துத் தட்டிக்கழிக்காமல் எழுதித் தந்த டொக்டர், பிரதேச செயலகத்துச் சமூக சேவை உத்தியோகத்தர், வேலை போனாலும் பரவாயில்லை என்று வாக்குமூலம் கொடுத்த சமையல் அக்கா, காசு வாங்க மறுத்த ஓட்டோ அண்ணை, மாடியில் கீழும் மேலும் இருக்கிற எல்லோரும்: உங்களை மறக்க மாட்டோம்.

நிலையத்தை மூடச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. மூடினால் அங்கே வருகிறவர்கள் பகல் முழுக்க நாலு சுவருக்குள்தான். அண்ணா திங்கட்கிழமை திரும்பப் போகிறார். பெற்றோர் குழுவில் நானும் சேர்ந்திருக்கிறேன், இனிச் சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்ப்பேன். என் பிள்ளைக்கு மட்டும் என்றில்லாமல் எல்லோருக்காகவும் கேட்பேன் என்று அம்மாவும் கிளம்பியிருக்கிறார். இதே மாதிரி முறைப்பாடு கொடுக்க யோசிக்கிறவர்கள் எனக்கு எழுதுங்கள், எங்கள் கடிதத்தை மாதிரிக்குத் தருகிறேன். தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம், உங்கள் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்காமல் மட்டும் வந்துவிடாதீர்கள்.