அந்தோணி டேப்

நாயுடுபுரம், கொடைக்கானல்

அன்புள்ள சேது,

ஏழு மாதமாக எழுதவில்லை. நீயும் எழுதவில்லை, கணக்கு நேர். இங்கே எல்லோரும் நலம், சரசுவின் முழங்காலைத் தவிர.

விஷயத்துக்கு வருகிறேன். அந்தோணி மகளுக்குக் கல்யாணம். பத்திரிகை வைக்க வந்தவள், "மாமா, அப்பா பாடின கேசட் உங்ககிட்ட இருக்காமே" என்றாள். அவன் போனபோது அவளுக்கு மூன்று வயது. குரலே தெரியாதாம்.

பரணில் தேடி எடுத்தேன். நம்ம ஊர் மூட்டத்துக்கு டேப் ஓரமெல்லாம் வெள்ளைப் பூசணம். பழைய பிளேயரில் ஒரு தடவை ஓட்டிப் பூசணத்தை உதிர்த்து, டேப் உரசுகிற ஹெட்டை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றினால், பாட்டுக்குப் பின்னால் ஒரே கிர்ர். மவுஸை அசைத்தால் அதுவும் கூடவே இழுக்கிறது! கம்ப்யூட்டரின் தாய்ப்பலகையான மதர்போர்டிலேயே இருக்கும் சவுண்டுப் பகுதிக்கு, பெட்டிக்குள் நடக்கிற மின்சார இரைச்சல் எல்லாம் ஒட்டிக்கொள்ளுமாம்.

பிறகுதான் பைத்தியம் பிடித்தது. முதலில் இருநூறு ரூபாய்க்கு ஒரு யு.எஸ்.பி. சவுண்டுக் குச்சி. அதில் இருப்பது மைக் துளை. ஸ்டீரியோ கிடையாது, டேப் டெக் (கேசட் ஓட்டுகிற பெட்டிதான்) கொடுக்கிற சத்தத்தையும் தாங்காது. அந்தோணி தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து பாடினான். மச்சான் பெரிய மனது பண்ணி ஒரு பழைய சவுண்டு கார்டு கொடுத்தார். அது பி.சி.ஐ. என்கிற பழைய செருகுதுளைக்கானது, என் மதர்போர்டில் இருப்பதோ புதுவகை பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் மட்டும். (அவர் கொடுத்த எது எங்கே பொருந்தியிருக்கிறது? ஆட்டுக்கறி ஞாபகம் இருக்கிறதா?) திண்டுக்கல் கடைக்காரர் ஒருவர் சுற்றிலும் ஸ்பீக்கர் வைக்கிற 5.1, 116 டெசிபல் என்று ஒரு கார்டைத் தலையில் கட்டப் பார்த்தார். ஏனய்யா, இரைச்சலுக்கும் பாட்டுக்கும் நடுவே கேசட்டுக்கே ஐம்பது அறுபது டெசிபல்தானே, ஐந்து ஸ்பீக்கரில் அந்தோணி சுற்றிச் சுற்றி வரவா போகிறான்?

கடைசியில் பெரிங்கர் யு.சி.ஏ.202 என்கிற யு.எஸ்.பி. சவுண்டுப் பெட்டி வாங்கினேன். உள்ளங்கையில் அடங்கிவிடும். கம்ப்யூட்டருக்கு வெளியே இருப்பதால் அந்தக் கிர்ர் போய்விட்டது. சிவப்பு வெள்ளை வயரை நேரே டெக்கிலிருந்து செருகலாம். பதிவின் நுணுக்கம் 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், சி.டி.யே 16 பிட், 44.1தான். நமக்கு இது தாராளம்.

அப்புறமும் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம். நம் கரன்ட்டின் 50 ஹெர்ட்ஸ்தான். இரண்டு நாள் தூக்கமில்லை. டெக் ஒரு சுவரிலும் கம்ப்யூட்டர் இன்னொரு சுவரிலும் இருந்ததால், எர்த் இரண்டு வழியாகச் சுற்றியிருக்கிறது. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் போட்டேன். சத்தம் நின்றது. செலவு பூஜ்யம். இதைச் சொல்ல ஒரு நாதியில்லை.

சேது, நேற்று ராத்திரி முழுசாகக் கேட்டேன். இரண்டாவது பாட்டில் இருமுகிறான், சிரிக்கிறான், "சேது, கதவைச் சாத்துடா, குளிருது" என்கிறான். நீ சாத்துகிற சத்தமும் இருக்கிறது.

ஆனால் பி பக்கம்? முழுக்கக் கோடை பண்பலை. விளம்பரத்தோடு. அதன்மேல் பதிவு பண்ணின பாவி நீதான், மறுக்காதே.

உன்னிடம் சிவப்பு உறை போட்ட இன்னொரு டேப் இருக்கிறது. அதை ஓட்டிப் பார்க்காதே, நாடா அறுந்துவிடும். அப்படியே பொட்டலம் கட்டிக் கொடைக்கானல் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டு, வண்டி எண்ணைப் போனில் சொல். ஸ்டாண்டில் நிற்கிறேன்.

உன்,
ரத்தினம்