கைக்குட்டை தூசியைத் தடுக்காது

ஆசிரியருக்கு,

கல் அறுக்கும் வேலைக்கு 9 ஆண்டுகளாக மேற்பார்வையாளராக இருக்கிறேன். போன மாதம் வேறு நாட்டிலிருந்து வந்து சேர்ந்த இளைஞர் ஒருவர், மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு அறுத்துக்கொண்டிருந்தார். தலைக்கு மேலேயே ‘முகமூடி கட்டாயம்’ என்று பலகை. அந்த எழுத்தே அவருக்குத் தெரியாது. கைக்குட்டையை அவிழ்த்தபோது உதட்டோரமெல்லாம் வெள்ளைப் பொடி.

அந்தப் பொடியில் சிலிக்கா என்ற கனிமம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்தான் நுரையீரலின் ஆழம் வரை போய்த் தழும்பாக்கும். சாதாரணத் துணி அதைத் தடுக்காது. சிலிக்கோசிஸ் என்ற இந்த நுரையீரல் நோய் வந்துவிட்டால் குணப்படுத்த வழியில்லை. பெரும்பாலும் பல ஆண்டு கழித்துத்தான் மூச்சு வாங்கும். அதற்குள் அவர் ஊர் திரும்பியிருப்பார். எந்த வேலைத்தளத்தில் வந்த நோய் என்று எங்கே போய் நிரூபிப்பார்? இதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

பாதுகாப்பான பணிச்சூழலைத் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளில் ஒன்றாகச் சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2022இல் சேர்த்தது. சரி, தளத்தில் என்ன செய்யலாம்? தண்ணீர் விட்டு அறுத்தாலே தூசி பெருமளவு அடங்கும். பயிற்சியை அவரவர் மொழியில் கொடுக்க வேண்டும். அப்புறம், வேலையை விட்டுப் போகிறவருக்கு மார்பு எக்ஸ்ரே எடுத்து, அதை அவர் கையிலேயே கொடுத்தனுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு மேற்பார்வையாளர்