மீனாளுக்கு: அட்டவணையில் பாதியை அடித்துவிடு

சிவமயம்

காரைக்குடி

அன்புள்ள மீனாளுக்கு ஆத்தா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். அப்பச்சிக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை.

நீ அனுப்பிய அட்டவணையைப் பார்த்தேன். காலை ஐந்து மணிக்கு யோகா ஒரு மணி நேரம், அப்புறம் நடை, மாலை வீணை, இரவு புத்தகம், ஞாயிறு ஓவிய வகுப்பு. அது வந்தபோது இங்கே இரவு பத்தரை, சிங்கப்பூரில் மணி ஒன்று. ஒரு மணிக்கு விழித்திருந்து அட்டவணை போடுகிறவள் ஐந்து மணிக்கு எப்படி எழுந்திருப்பாய்? ஆபீசில் ஒரு பட்டியல் போதாதென்று வீட்டுக்கும் ஒன்றா? இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடு.

ஒன்று யோகா. முழுசாக ஒரு மணி நேரம் கிடைக்கட்டும் என்று காத்திராதே. பிள்ளையார் நோன்புக்குத் தினம் ஒரு நூலாகத்தானே 21 நூல் எடுத்து வைக்கிறோம்? பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். முன்பெல்லாம் ஒரு தடவைக்குப் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு. 2020-இல் அந்த நிபந்தனையையும் எடுத்துவிட்டார்கள்.

பல் துலக்கியதும், காபிக்கு முன்னால், போனைத் தொடுவதற்கும் முன்னால் சூரிய நமஸ்காரம். பன்னிரண்டு நிலை சேர்ந்தது ஒரு சுற்று. மூச்சோடு நிதானமாகச் செய்தால் ஐந்தாறு சுற்றுக்குப் பத்து நிமிடம் போதும். கடைசியில் கொஞ்சம் சவாசனம், அசையாமல் மல்லாந்து படுப்பது. அவசரத்தில் எல்லோரும் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள். காலையில் தவறினால் ராச்சாப்பாட்டுக்கு முன் சுவரை ஒட்டிப் படுத்து, கால்களைச் சுவர் மேல் நீட்டிக்கொள். விபரீதகரணி என்பார்கள். நாளெல்லாம் நாற்காலியில் இருக்கிற காலுக்குச் சுகமாக இருக்கும். இடுப்பு வலி இன்னும் இருந்தால் யாரிடமாவது நேரில் போய்க் கற்றுக்கொள். யூடியூபுக்கு உன் முதுகு தெரியாது.

பத்து நிமிடம் எங்கிருந்து வரும் என்பாய். பேரனின் டிபன் டப்பாவை மாப்பிள்ளையிடம் ஒப்படைத்துவிடு. அவர் எதை எப்படி வைத்தாலும் வாய் திறக்காதே! பங்காளிகள் எல்லோரும் சேர்ந்திருந்த நம் வளவில் புள்ளிக்குப் புள்ளி, அதாவது குடும்பத்துக்குக் குடும்பம், அடுப்பு வேறாக இருந்தாலும், ஒருத்தி ஓய்வாக உட்கார்ந்தால் பிள்ளையை இன்னொருத்தி பார்த்துக்கொண்டாள். அங்கே இருப்பது நீங்கள் இரண்டே பேர். அவரிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பாய்?

இன்னொன்று கொட்டான், நம் பனையோலைக் கூடை பின்னுவது. வீணை உனக்கு எப்போதுமே பிடிக்காது, பக்கத்து வீட்டுப் பிள்ளை போனதால் நீயும் போனாய். ஆனால் அப்பத்தா பக்கத்தில் பனங்குருத்தோலையோடு உட்கார்ந்தால் சாப்பிடக் கூப்பிட்டாலும் வரமாட்டாய். செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடெல்லாம் கிடைத்தாயிற்று, அதற்காக நீ விற்கக் கிளம்பாதே. விலை பேசினால் அதுவும் வேலையாகிவிடும். படம் எடுத்துப் போடவும் வேண்டாம். ஓலையை ஈரத் துணியில் சுற்றி வை, ஒடியாது. பேரன் தூங்கியதும் நாலு வரி பின்னு. தோன்றாத அன்றைக்கு விட்டுவிடு. கோணலாக வந்தால் வெங்காயம் போட்டு வைக்கலாம்.

ஓலை நான் அனுப்புகிறேன். சாயம் போட்டதா, வெள்ளையா? சீக்கிரம் சொல், அடுத்த வாரம் ஊரிலிருந்து அங்கே வருகிறவர்களிடம் கொடுத்துவிட வேண்டும். கூடவே கொஞ்சம் சீப்புச் சீடையும் வைக்கிறேன்.

ஆத்தா